ஐயாயிரம் குஞ்சுகளும் ஒரு டிஜேவும்

டிஜே என்றாலே எனக்கு ஆகாது. காதைக் கிழிக்க ஆள் வைத்துக் கூப்பிட வேண்டுமா என்று அண்ணனிடம் சண்டையே போட்டேன். ஆனாலும் அவர் மகள் மலர்விழியின் கல்யாண வரவேற்புக்கு அன்புச்செல்வி வந்து சேர்ந்தாள்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண். பகலில் கோழிப்பண்ணைகளில் குஞ்சுகளுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறாள். முகூர்த்த நாட்களில் டிஜே. லண்டன் பையன்கள் மூச்சுவிடாமல் பேசித் தள்ளும் ‘க்ரைம்’ (grime) என்கிற பாட்டு வகையையும் எலெக்ட்ரானிக் தாளத்தையும் நம்மூர் உறுமியோடு கலந்து புதிதாக ஒன்று தயார் செய்திருந்தாள். மூன்று மாத உழைப்பு. தாளம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். மறுநொடி மொத்தமாக இடி விழும். அந்த இடிக்காகவே மாப்பிள்ளையின் கல்லூரிக் கூட்டம் வந்திருந்தது.

ஐந்து மணிக்குக் கைலாசம் அவளிடம் ஓடிவந்தார். மண்டபத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் அவருடைய பண்ணை.

“சாமி, பன்னெண்டு நாள் குஞ்சு அஞ்சாயிரம் கெடக்குது. திடீர்னு சத்தம் வந்தா ஒரே மூலையில போயி ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கும். உனக்குத் தெரியாததா?”

தெரியும். அப்படி மூச்சடைத்துச் செத்த குஞ்சுகளை அவளே கூடையில் அள்ளியிருக்கிறாள். அந்த இடியைப் போட முடியாதென்று அவள் முகம் வாடிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது எனக்கு.

“திடீர்னு எதுவும் வராதுங்ண்ணா. நீங்க குஞ்சுககிட்டயே இருங்க” என்றாள்.

பாட்டு எப்போது ஆரம்பித்ததென்றே தெரியவில்லை. லட்டைப் பிட்டுக்கொண்டிருக்கும்போது என் கால் ஆடிக்கொண்டிருந்தது. உறுமி வந்தது. அது போவதற்குள் லண்டன் பையன் நுழைந்துவிட்டான். அவன் பேச்சுக்குள்ளேயே அடுத்த தாளம். ஒன்று முடிந்து இன்னொன்று என்பதே கிடையாது. சத்தம் நூல் நூலாக ஏறியது. ஏழு மணிக்கு மண்டபமே ஆடியது.

“நிறுத்தி இடியப் போடுங்க!” என்று பையன்கள் கத்தினார்கள். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். மூச்சு வாங்க இடம் கிடைக்காமல் ஆடித் தீர்த்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஆடினேன்.

எட்டு மணிக்கு அண்ணன் மேடைக்குப் போனார். “போதும் கண்ணு, நிறுத்து. மண்டபத்தைப் பூட்டோணும்.”

அதற்குள் கைலாசம் வேர்த்து விறுவிறுத்து வந்தார். “நிறுத்தீராத சாமி! சத்தத்துக்குப் பழகி அத்தனையும் படுத்துத் தூங்குது. பொசுக்குனு நின்னா பதறிக்கும்!”

“தெரியுமுங்ண்ணா. நிறுத்தலீங்க” என்றாள், கருவியிலிருந்து கையை எடுக்காமலே.

பொண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். அவள் ஏற்றிய மாதிரியே நூல் நூலாக இறக்கிக்கொண்டிருந்தாள்.

“யாருமே இல்லியே கண்ணு, இன்னும் யாருக்கு?” என்றேன்.

“இன்னும் பதினஞ்சு நிமிசமுங்க. அந்தப்பக்கம் அஞ்சாயிரம் பேரு இருக்காங்க.”

அடுக்கியதில் ஒரு நாற்காலியை உருவிப் போட்டு உட்கார்ந்தேன்.