மட்டம் ஏறிய மத்தியானம்

உருளைக்கிழங்கைத் தோல் சீவும்போது எழும் ஈர மண்வாசனை, இன்று ஸ்கூட்டர்கள் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் முத்தியால்பேட்டைப் பள்ளியின் உயிரியல் ஆய்வகத்துக்குள் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுகிறது. துருவேறித் திறக்க முடியாத ஜன்னல்கள், ஃபார்மலின் நெடி, வியர்வையில் முதுகோடு ஒட்டிய சீருடை; சோதனை முடியாமல் யாரும் வெளியே போகக் கூடாது என்பது மிஸ்ஸின் சட்டம்.

பிளஸ் டூவில் என் ஜோடி விமலா. குடைந்த கிழங்கில் சர்க்கரைக் கரைசலை ஊற்றி, மட்டத்தைக் குண்டூசியால் குறித்து, தண்ணீரில் வைத்துவிட்டு, உள்ளே நீர் ஊறி மட்டம் ஏறுவதற்காகக் காத்திருந்தோம். அப்போது அவள் அப்பா வாசலில் வந்து நின்றார்.

“பொண்ணு பாக்க வந்துட்டாங்க மிஸ். அனுப்புங்க.”

“பிராக்டிகல் முடியட்டும்,” என்றார் மிஸ்.

விமலா என் கையைப் பிடித்து, “மெதுவா ஆவட்டும்டி” என்றாள். அது என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. கரைசல் குண்டூசியைத் தாண்டியதும், வகுப்பில் முதலில் முடித்த பெருமையில் கத்தினேன்.

“மிஸ், ஏறிடுச்சு!”

“வாம்மா, போலாம்” என்றார் அப்பா. விமலா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் திரும்பி வரவேயில்லை. இருவர் செய்ய வேண்டிய சோதனைகளை மீதி ஆண்டு முழுவதும் நான் தனியாகவே செய்தேன்.