ஃபோர்க்லிஃப்டுக்கு ஒரு ஹாரன்

அந்தக் கூட்டத்தில் பாதுகாப்பு அதிகாரி இருந்தார். ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர் இருந்தார். புரொஜெக்டர் ஒயரைப் பிடித்துக்கொண்டு நான் இருந்தேன். நிதிப் பிரிவு மேடம் வரவில்லை. சரக்கைத் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்குப் பின்னால் நின்று வேலை செய்கிற ஒன்பது பேரை யாரும் கூப்பிடவே இல்லை.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகிற வழியில் படைத்துறைக்கு ஒரு சரக்குக் கிடங்கு. அங்கே நான் கான்ட்ராக்டில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படித்த முதல் ஆள் என்பதால், என் ஐ.டி. கார்டை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் மாட்டுவார்கள். இனி என் நாற்காலிக்கு வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் வேலை ஒரு சாஃப்ட்வேரோடு. கிடங்கில் எங்கே ஆபத்து என்று யார் சொன்னாலும் அதில் ஏற்ற வேண்டும். அது பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரிக்கும். சிவப்பு என்றால் ரிப்பேர் கோரிக்கை தானாகவே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். அந்த சாஃப்ட்வேர் வந்த பிறகு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் ஒர்க்‌ஷாப்பில் வாங்குவதில்லை. மார்ச்சோடு லைசென்ஸ் முடிந்தது. புதுப்பிக்கப் பணம் வரவில்லை. ஸ்கிரீன் திறக்கும், பழையதைப் படிக்கலாம், புதிதாக எதுவும் போகாது. கூட்டம் போட்டது அந்தப் பணத்துக்காகத்தான்.

1. ஃபைல் ஏறி இறங்கியது

மேடம் வராததால் அதிகாரியும் நானும் மேடத்தின் அறைக்கு மாடியேறிப் போனோம்.

"போன வருஷம் எத்தனை விபத்து?" என்று கேட்டார் மேடம்.

"ஒண்ணும் இல்ல மேடம்." அதிகாரி கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"அப்புறம் எதுக்கு சார் இவ்வளவு பணம்?"

"விபத்து இல்லாததே இதாலதான் மேடம்."

"நடக்காததுக்கு எப்படி சார் நான் நோட் போடறது? சரி, இது கம்ப்யூட்டர் செலவா, பாதுகாப்புச் செலவா? முதல்ல அதை முடிவு பண்ணிட்டு வாங்க."

மேடத்தைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தப்பான செலவுத் தலைப்பில் கையெழுத்துப் போட்டால் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். கம்ப்யூட்டர் பிரிவு 'இது பாதுகாப்பு' என்று எழுதித் திருப்பியது. பாதுகாப்புப் பிரிவின் மேலிடம் 'இது கம்ப்யூட்டர்' என்று எழுதித் திருப்பியது. கடைசியில் ஃபைல் மேடத்தின் மேஜையில் போய்ப் படுத்தது. கோடை அப்படியே கழிந்தது.

2. ஷரீஃப் பாயின் டப்பா

அப்போதுதான் ஃபோர்க்லிஃப்டின் ரிவர்ஸ் ஹாரன் செத்தது. அடுக்குகளுக்கு நடுவே வண்டி பின்னால் வருவது யாருக்கும் கேட்காது. அந்த ஒன்பது பேரில் ஒருவரான வண்ணாரப்பேட்டை ஷரீஃப் பாய் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தார். யாரோ கத்தினார்கள். பாய் பாய்ந்து விலகினார். பக்கத்தில் வைத்திருந்த சாப்பாட்டு டப்பா டயருக்கு அடியில் போனது.

அவர்களுடைய மேஸ்திரி தில்லி அண்ணன் தகடாக நசுங்கிய அந்த டப்பாவைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"இந்தா, ஏத்து. செவப்பு போடு."

"போகாதுண்ணே. பணம் கட்டல. ஃபைல் மாடில இருக்கு."

"ஃபைலு மாடில கீது. பாய் கீழ கீறாரு. வண்டி எங்க வரும், மாடிக்கா?"

பாய் சிரித்தார். "வுடு தில்லி, பையன் இன்னா பண்ணுவான்? டப்பாதான போச்சு. உள்ள உப்புமா. அது போனதுல எனுக்கு வருத்தமே இல்ல."

நான் காகிதத்தில் எழுதி ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனேன். "சிஸ்டம்ல வரட்டும்" என்றார் சூப்பர்வைசர். வண்டியை நிறுத்திவிடலாமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம் என்றது தில்லி அண்ணன்தான். அவர்களுக்கு லோடு கணக்கில் கூலி. வண்டி நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

3. ஐஸ் வண்டிப் பாட்டு

அந்த ஒன்பது பேர் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட முடியாவிட்டாலும் மேஸ்திரி தோளிலிருந்து துண்டை எடுத்து விரிப்பார். எல்லோரும் போடுவார்கள். அன்று ஹாரனுக்காகத் துண்டு விரிந்தது.

காசிமேட்டில் மீன் வண்டிகளுக்கு ஸ்பேர் விற்கிற கடையில் வாங்கினார்கள். மாட்டி, வண்டியைப் பின்னால் எடுத்தால், ஐஸ் விற்கிற வண்டி மாதிரி பாட்டு வந்தது.

"இன்னாண்ணே இது?" என்றேன்.

"வெறும் பீப் பீப்னா எவன் திரும்பறான்? பாட்டுன்னா தூங்கறவன் கூட எழுந்துப்பான்."

உண்மைதான். அதற்குப் பிறகு யாரும் அந்த வண்டியின் வழியில் நிற்கவில்லை.

மழைக்கு முன்னால் பெரிய அதிகாரி இன்ஸ்பெக்‌ஷன் வந்தார். மேடமும் கூட வந்தார். எல்லோரும் விறைப்பாக நிற்கும்போது ஃபோர்க்லிஃப்ட் பாடிக்கொண்டே பின்னால் வந்தது.

"யாருக்குக் கல்யாணம்?" என்றார் பெரிய அதிகாரி.

"கல்யாணம் இல்ல சார்," என்றார் தில்லி அண்ணன். "கருமாதி ஆவக்கூடாதுன்னு மாட்டிக்கினோம்."

டப்பா கதை முழுக்க வெளியே வந்தது. மேடம் என் பக்கம் திரும்பி, "அந்த ஃபைல் எங்க?" என்றார்.

"உங்க டேபிள்லதான் மேடம்."

அந்த வாரமே பணம் வந்தது. கம்ப்யூட்டர் தலைப்பிலும் இல்லை, பாதுகாப்பிலும் இல்லை. 'இதர இனங்கள்' என்று போட்டிருந்தார்கள். அப்படி ஒரு தலைப்பு முதலிலிருந்தே இருந்திருக்கிறது.

4. முதல் சிவப்பு

சிஸ்டம் உயிர் பெற்றதும் அதில் ஏறிய முதல் சிவப்பு ஒர்க்‌ஷாப் கொடுத்தது: ஃபோர்க்லிஃப்டில் அனுமதியில்லாத பாகம். சிவப்பு ஏறினால் சரிசெய்யும்வரை வண்டி நகரக்கூடாது. பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்தேன்.

"ஏத்துப்பா. நாமதானே கேட்டு வாங்கினோம்," என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

ஏற்றினேன். காசிமேட்டு ஹாரனைக் கழற்றினார்கள். அனுமதி பெற்ற ஹாரன் ஸ்டோரிலிருந்து வரும்வரை வண்டி நிழலில் நின்றது.

"உன் பொட்டி பேச ஆரம்பிச்சிச்சா நைனா?" என்றார் தில்லி அண்ணன். "மொத பேச்சே எங்க வயித்துல அடிச்சிச்சு பாரு."

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பணம் கேட்கப் போகும்போது, அது வராவிட்டால் அடிபடப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்லைடு போதாது. பணம் வந்த பிறகும் அவரை அறையிலிருந்து அனுப்பிவிடாதீர்கள். விதி யார் மேல் முதலில் விழும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

வண்டி மறுபடி ஓடிய அன்று டீக்கடையில் தில்லி அண்ணன் கணக்குச் சொன்னார். துண்டில் விழுந்தது எழுநூறு. வண்டி நின்றது நான்கு நாள். ஒன்பது பேர், ஆளுக்கு நாளுக்கு எழுநூற்றைம்பது.

"டப்பாவ வுட்டியே," என்றார் பாய். "அது எரநூத்தியம்பது."

அதையும் சேர்த்தார். இருபத்தேழாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்.