சிவந்த நட்சத்திரங்களும் மரியம்மாவின் கேள்வியும்

அறுபதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து கொக்கிளாய் என்ற மீனவக் கிராமத்துக்கு விஞ்ஞான ஆசிரியனாக மாற்றலாகிப் போனேன். அந்த ஊரில் என் பேச்சு விளங்கக்கூடியவர் ஒருவரும் இல்லை என்பது என் நினைப்பு. பெற்றோர் தினத்தன்று, மீன் மணக்கும் இந்தக் கூட்டத்துக்கு வானவியல் எதற்கு என்ற இளக்காரத்தோடுதான் பேச எழுந்தேன்.

“நட்சத்திரங்கள் வாயுவிலிருந்துதான் உண்டாகின்றன. ஆனால் பால்வீதியையும் விடப் பெரிய நட்சத்திரக் கூட்டங்கள் சிலவற்றில் வயதான, சிவந்த நட்சத்திரங்களே இருக்கின்றன. அங்கே புதிதாக எதுவும் பிறப்பதில்லை” என்றேன்.

என் மாணவி ஒருத்தியின் தாய், கருவாடு போடும் மரியம்மா, எழுந்தார்.

“சேர், நட்சத்திரம் வாயுவிலயிருந்துதான் உண்டாகுது எண்டு சொன்னீங்கள். அப்ப அந்தப் பெரிய கூட்டங்கள் துவக்கத்திலேயே எல்லா வாயுவையும் அவசரமா தீர்த்துப் போட்டுதுகளோ?”

எனக்கு விடை தெரியாது. “இது கருவாட்டுக் கதை இல்லை, இருங்கோ” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்தார்.

சில மாதங்களின் பின், வானியலாளர்கள் ஏறக்குறைய அதையே சொல்வதாக ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் வாசித்தேன். பெரிய கூட்டங்கள் பிரபஞ்சத்தின் இளமையிலேயே தம் வாயுவை வேகமாக நட்சத்திரங்களாக்கித் தீர்த்திருக்கலாமாம். அன்று பின்னேரமே சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போனேன்.

“அண்டைக்கு நீங்கள் கேட்டது சரிதான், அம்மா.”

அவர் காயும் மீனைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: “சரியோ பிழையோ எனக்குத் தெரியாது சேர். உங்களுக்கு விடை தெரியாதெண்டு மட்டும் அண்டைக்கே தெரிஞ்சது.”

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்காமலே திரும்பினேன். என் வாழ்நாளில் எத்தனையோ பேரை நான் கேவலமாக நினைத்திருக்கிறேன். அன்று சைக்கிளை மிதித்துக்கொண்டு திரும்பியவனை நினைத்த அளவு கேவலமாக வேறெவரையும் நினைத்ததில்லை.