அணைத்தால் மறந்துவிடும் கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரி குரல் இழந்து இந்த ரமலானோடு ஒரு வருஷம் ஆகிறது. ஆள் நல்லபடியாக இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். தொண்டையில் வந்த கட்டிக்காகக் குரல்வளையையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அது அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் ஆபரேஷனுக்கு முன் அவள் எங்களுக்காகப் பதிந்து வைத்த குரலை அழித்தது நான்.

நான் எட்டாவது வரை படித்தவன். வள்ளியூர் பக்கம் ஒரு வாடகைப் பாத்திரக் கடையில் வேலை. மகளைக் கட்டிக்கொடுத்தது சவூதியில் இருக்கிற மாப்பிள்ளைக்கு. என்னிடம் இருப்பது பட்டன் போன். அதனால் மகள் படிக்கிற காலத்தில் வாங்கிய பழைய கம்ப்யூட்டரில்தான் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவோம். அது ஒரு நாள் கிளம்பாமல் நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, இதுல இருக்க மெமரிக்குப் புது விண்டோஸ் ஒண்ணும் ஏறாது. லினக்ஸ்னு இன்னொண்ணு இருக்கு, அதுல லேசானதா ரெண்டு தாரேன். பென் டிரைவ்ல வச்சே ஓட்டிப் பாருங்க. எது பிடிக்கோ அத உள்ள ஏத்திக்கிடலாம்" என்றார் கடைக்காரர்.

"உள்ள ஏத்துனா எங்க மக கல்யாண வீடியோ?"

"அழிஞ்சிரும்னே வச்சுக்கிடுங்க. அத வேற எதுலயாவது எடுத்துட்டு ஏத்துங்க."

அந்த 'அழிஞ்சிரும்' என் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது.

வீட்டில் இரண்டையும் போட்டுப் பார்த்தோம். முதலாவது பார்க்க அழகு. ஜன்னல் திறந்தால் மினுங்கும், மூடினால் மினுங்கும், ஆனால் மகள் முகம் வருவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். இரண்டாவதில் ஒரு பகட்டும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, அமுக்குவதற்கு நாலு படம், அவ்வளவுதான்.

"இதையே வைங்க மச்சான்" என்றாள் வீட்டுக்காரி. "மூஞ்சி சுமார்தான். ஆனா கூப்பிட்ட உடனே வருதுல்லா, உங்கள மாதிரியா?"

இதையெல்லாம் எங்கேயோ இருக்கிற யார் யாரோ சும்மா செய்து கொடுக்கிறார்களாம். அவர்களுக்கும் சேர்த்து துஆ கேட்டாள்.

ஆனால் நான் உள்ளே ஏற்றவில்லை. பென் டிரைவிலேயே ஓட்டினேன். உள்ளே ஏற்றுவதற்கான படம் திரையின் நடுவில் இருக்கும். கை தவறிப் பட்டுவிடக் கூடாதே என்று தினமும் முதல் வேலையாக அதை இழுத்து மூலைக்குக் கொண்டுபோய் விடுவேன். தினமும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அணைத்தால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டு வந்து திரும்ப அமைப்பேன். தமிழ் எழுத்து. அவள் கண்ணுக்குத் தக்கபடி பெரிய எழுத்து. கீழே கிடக்கும் பட்டையை மேலே ஏற்றுவது. பின்னால் பச்சை நிறம். கால் மணி நேரம் ஆகும். தொழுகிற முசல்லாவை விரிப்பதும் மடிப்பதும் போல எனக்கு அது பழகிவிட்டது, சொல்லப்போனால் பிடித்தும் இருந்தது. பேசுவதற்கும் மார்க்கப் பயான் கேட்பதற்கும்தான் அதை வைத்திருந்தோம். அதில் எதையும் சேர்த்து வைக்கிற வேலை அதுவரை எங்களுக்கு வரவில்லை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். "உம்மா, உங்க சத்தத்தப் பதிஞ்சு வைங்க" என்று மகள் அழுதாள். கிளம்புகிற அன்று காலையில் வீட்டுக்காரி தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். குர்ஆனில் யாசீன் சூராவை முழுசும் ஓதினாள். தொண்டை கட்டியிருந்தும் ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. அடுத்து, வாசலில் நின்று கூப்பிடுவது மாதிரி மகளைக் கூப்பிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க செத்த நேரம் வெளிய போங்க, மச்சான். உங்களுக்கும் ரெண்டு வார்த்த சொல்லணும். எதுக்க நின்னா வெக்கமா இருக்குல்லா" என்றாள்.

நான் வாசலில் போய் நின்றேன். உள்ளே அவள் சிரிப்பது மட்டும் கேட்டது.

பதிந்ததைத் திரையிலேயே, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்தேன். அப்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வெளியூர் கிளம்பினால் எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்து மெயினையும் இறக்கிவிட்டுத்தான் பூட்டுவோம். வீண் விரயம் கூடாது என்பதில் அவள் கறார். படியில் நின்று கேட்டாள்: "கம்ப்யூட்டர ஒழுங்கா அணைச்சியளா?"

பிஸ்மில்லாஹ் சொல்லி, ஒழுங்காகத்தான் அணைத்தேன்.

அவள் வீடு திரும்ப இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. கழுத்தில் துணி கட்டியிருந்தாள். வந்ததும் கம்ப்யூட்டரைக் காட்டினாள். தானே ஹெட்போனை எடுத்து என் தலையில் மாட்டினாள். நான் போட்டேன். பட்டை கீழே கிடந்தது. எழுத்து சின்னதாக இருந்தது. நான் மூலைக்குத் தள்ளிய படம் திரும்ப நடுவில் வந்து நின்றது. வேறு ஒன்றும் இல்லை. அமைத்து வைப்பதுதான் மறந்துபோகும், நாம் செய்து வைத்தது இருக்கும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. உண்மையில் அப்படிக்கூட நினைக்கவில்லை, நினைக்கவே இல்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். நோட்டை எடுத்து எழுதினாள்: 'நான்தானே அணைக்கச் சொன்னேன்.'

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடைக்காரரிடம் ஓடினேன். "அது மெமரில மட்டும் நிக்கது, அண்ணாச்சி. கரண்ட் போனா போச்சு" என்றார். கல்யாண வீடியோவை ஒரு ஓரமாக விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இதை ஏற்றியிருக்கலாமாம். அதற்கும் வழி இருந்ததாம். அன்றைக்கே ஏற்றிக் கொடுத்தார். இப்போது அது எதையும் மறப்பதில்லை. பட்டை மேலேயே நிற்கிறது, பச்சை அப்படியே இருக்கிறது. காலையில் எனக்கு அதில் வேலையே இல்லை.

கல்யாண வீடியோவில் அவள் குரலைத் தேடினேன். எங்கே பார்த்தாலும் மைக்செட் சத்தம்.

வெள்ளிக்கிழமை யாசீனை இப்போது நான்தான் ஓதுகிறேன். அவளுக்கு இருந்த ஓதல் எனக்குக் கிடையாது. தப்பு விட்டால் அவள் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்த இடத்திலிருந்து திரும்ப ஓதுவேன்.

போன வெள்ளிக்கிழமை ஓதி முடித்த பிறகு கேட்டேன்: "ஏளா, அன்னைக்கு என்னைய வெளிய போகச் சொல்லிட்டு என்ன சொன்ன?"

நோட்டைத் திறந்தாள். பேனாவைத் தாளில் ஊன்றினாள். பிறகு எழுதாமலே நோட்டை மூடிவிட்டு, அன்றைக்குப் போலவே சிரித்தாள். சத்தம் வரவில்லை.