‘ஓம்’ என்றால் விளங்கிவிட்டது என்று அர்த்தமில்லை

எங்கள் நன்னடத்தை அலுவலகத்தில் இருந்த, கிண்ணியா ஊர்க்காரியான ஹபீபா மிஸ் காலமான செய்தியை நீதிமன்ற வராந்தாவில் ஒரு சட்டத்தரணிதான் எனக்குச் சொன்னார். “கிண்ணியா மிஸ் மவுத்தாம். அருமையான மனிசி.” போன வருடம் இதே ஆள்தான், “அந்த மனிசிக்கு ஆரும் வாய்ப்பூட்டுப் போடுங்கோ” என்று சொல்லித் திரிந்தவர். செத்த பிறகு எல்லோரும் அருமையானவர்கள்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழகியவர்களுக்குத் தெரியும், அவர் சாதுவான பெண் அல்ல. வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக, நாலு வசனம் சேர்ந்து வந்தால் திணறிப்போகும் பிள்ளைகளுக்காக, ஓய்வுபெறும் வரை சண்டை பிடித்தவர்.

ஒருமுறை, படகு இயந்திரம் திருடியதாகச் சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு பதினாறு வயதுப் பையனைப் பிடித்து வந்தார்கள். பிணை கிடைத்தது. “முறைப்பாட்டாளருடன் நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்புகொள்ளலாகாது” என்று நிபந்தனை வாசித்து, விளங்கியதா என்று கேட்டார்கள். “ஓம்” என்றான். பெரியவர்கள் எதைக் கேட்டாலும் ஓம் சொல்லித்தானே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். மறுநாளே தாய் அவனுக்குத் திருநீறு பூசி, இயந்திரத்தைப் பறிகொடுத்த அந்த முறைப்பாட்டாளர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கக் கூட்டிப்போனாள். ஊரில் அதுதான் முறை. பொலிசாருக்கு அது சாட்சியை மிரட்டியதாகிவிட்டது.

ஹபீபா மிஸ் மன்றில் எழும்பினார். “சேர், நீங்க போட்ட நிபந்தனை என்னண்டு இந்தப் புள்ளையிட்டயே கேளுங்க.” நீதவான் கேட்டார். பையன் நிலத்தைப் பார்த்தபடி, “நல்ல பிள்ளையா இருக்கோணும்” என்றான். மன்றே சிரித்தது. மிஸ் கறுப்புக் கோட்டுகளின் பக்கம் திரும்பி, “வெக்கமில்லையா? படிச்ச ஆக்கள்தானே நீங்க?” என்றார்.

ஆனாலும் பிணை ரத்தானது. சிறுவர் தடுப்பு இல்லத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய், நிபந்தனையைத் துண்டு துண்டாக உடைத்து, அவன் தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை மிஸ் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“அந்த வீட்டுக்குப் போகக் கூடா. ஆரு கூப்பிட்டாலும்.”

“அம்மா கூப்பிட்டாலுமா மிஸ்?”

“ஓம் மகன், அம்மா கூப்பிட்டாலும்.”

“இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே” என்றான். இரண்டு கிழமை கழித்து மிஸ்ஸே மன்றில் மன்றாடி அவனை வெளியே எடுத்தார். அந்த இரண்டு கிழமையை அவனுக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

மன்றிலிருந்து வெளியே வந்ததும் மிஸ் சொன்னது: “விளங்கிச்சா எண்டு கேக்கிறது அவங்கட வசதிக்கு. என்ன விளங்கிச்சு எண்டு கேக்கிறதுதான் புள்ளைக்கி.”

அவருடைய கோபம் இப்போது என்னிடம் இருக்கிறது. அதை ஆறவிடப் போவதில்லை.

மிஸ்ஸின் ஜனாஸா அடக்கத்துக்கு மறுநாள், ஈச்சிலம்பற்றுப் பையன் ஒருவன் கூண்டில் நின்றான். கட்டளை வாசித்தார்கள். விளங்கியதா என்றார்கள். “ஓம்.” அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் இடையில் புகுந்து, என்ன விளங்கியது என்று அவனிடம் கேட்கச் சொன்னேன். எரிச்சலோடுதான் கேட்டார்கள்.

“வீட்ட போகச் சொல்லிட்டாங்க” என்றான் அவன், சிரித்த முகத்தோடு.

அவனைத் தடுப்பு இல்லத்துக்கு அனுப்பத்தான் கட்டளை போட்டிருந்தார்கள்.