கொழும்புக்கு ஒரு மணி நேரம்

கல்யாணமான மறு வருஷம், கொழும்பில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த என் கணவருக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று அறந்தாங்கிக்குத் தந்தி வந்தது. உடனே வரவும் என்று மட்டும் இருந்தது. நானும் அங்கே போய்க் குடித்தனம் வைப்பதாகவும் மாமனார் கொண்டுபோய் விடுவதாகவும் இருந்ததால் இருவருக்கும் பாஸ்போர்ட் கையில் இருந்தது. ரயில், கப்பல் என்று போனால் தாமதமாகும் என்று மாமனார் என்னைத் திருச்சிக்குக் கூட்டிப்போய் விமானத்தில் ஏற்றினார். அவரும் கூடவே வந்தார்.

"முந்நூறு மைலுக்குக் கொஞ்சம் கம்மிதானாம். ஒரு மணி நேரத்துல எறங்கிருவோம்" என்றார். டிக்கெட் எடுத்துக் கொடுத்த உறவினர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

விமானம் எழும்பியதும் காது அடைத்தது. கீழே கடல் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் விழுந்துவிடுவோம் என்று நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. இறங்கியவுடன் என்ன சொல்லப் போகிறார்களோ என்பதுதான் பயம். இன்னும் கொஞ்ச நேரம் பறந்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது.

நினைத்ததைவிடச் சீக்கிரமே விமானம் தரையைத் தொட்டது. இறங்கினோம். வெயில், பனைமரங்கள், ஒரு சின்னக் கட்டிடம். கடையிலிருந்து ஆள் வந்து நிற்பதாகப் பேச்சு. யாரும் இல்லை.

மாமனார் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

"மாமா, ஏன் யாரையும் காணோம்?"

"வருவாக ஆத்தா. வழியில நிப்பாக."

எல்லாம் முடிந்துவிட்டது, அதைச் சொல்லத் துணியாமல்தான் ஆள் வரவில்லை என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

சீருடை போட்ட ஒருவர் ஓடிவந்தார். "என்னம்மா, சுகமில்லையோ?"

மாமனார் விஷயத்தைச் சொல்ல, அவர் விமானத்தைக் காட்டினார். "ஐயா, இது யாழ்ப்பாணம். கொழும்புக்கு இன்னும் கனதூரம் பறக்க வேணும். ஏறுங்கோ, வெளிக்கிடப் போகுது" என்று அவசரப்படுத்தினார்.

அந்த இரண்டாவது பயணம் முதலாவதைவிட நீளம். மாமனாரும் என்னைப் போலவே நினைத்திருக்கிறார் என்பது அவர் கையைப் பார்த்தபோது தெரிந்தது. துண்டின் நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

கொழும்பில் கம்பி வேலிக்கு அப்பால் கணவரின் கடை ஆள் ஒருவர் நின்றார். அவர் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல் செருப்பையே பார்த்துக்கொண்டு போனேன்.

"கண்ணு முழிச்சுட்டாருங்க. காய்ச்சல்தான் இன்னும் விடல" என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் கணவர் உதடு வெடித்துப் படுத்திருந்தார். பேச்சு சரியாக வரவில்லை. காய்ச்சல் விடும்வரை ஒவ்வொரு நாளும், டாக்டர் வார்டுக்குள் நுழையும்போதெல்லாம், யாழ்ப்பாணத்தில் தரையில் உட்கார்ந்தபோது இருந்த அந்தப் பயம் எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது. ஒருவழியாகக் காய்ச்சல் இறங்கி, அவர் கஞ்சி கேட்ட அன்றைக்குத்தான் நானும் வயிறாரச் சாப்பிட்டேன்.