எழுபத்தைந்தில் பதினேழு

படச்சட்டக் கடைக்கு யாரும் படத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. அதற்குத் தாங்கள் செய்த வினையையும் சேர்த்தே சுருட்டிக்கொண்டு வருவார்கள். கடைமேசைக்குப் பின்னால் நின்று பிழைக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நோர்வேயில், ட்வெய்ட்டாவில் நான் வேலை செய்யும் கடைக்கு, ஜூன் மாதத் திங்கட்கிழமை ஒன்றில் வந்த வினை இது.

பதினேழு மார்க்

பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கிலிருந்து வந்த ராஜினி, மகள் தன் புது வீட்டுக்கென வாங்கிய படத்தை மேசையில் விரித்தார். செப்புத் தகட்டில் கோடு கீறி, மை பூசி அச்செடுத்தது. இன்றும் வரைந்துகொண்டிருக்கும் ஒரு ஸ்பானிய ஓவியருடையது. மொட்டைமாடிக் கொடியில் ஒரு வெள்ளைத் துணி, அவ்வளவுதான். ஆனால் அந்த வெள்ளையைச் சுற்றி ஆயிரம் மெல்லிய கோடுகள் மூச்சுவிட்டன.

கீழே வலப்பக்கம் பென்சிலால் ஓவியரின் கையெழுத்து. இடப்பக்கம் 17/75. எழுபத்தைந்து பிரதிகள் மட்டும் எடுத்துவிட்டுத் தகட்டையே கீறி அழித்துவிடுவார்கள், இது பதினேழாவது என்று நான் சொல்ல வாயெடுக்குமுன் ராஜினி குரலைத் தாழ்த்தினார்: “எழுபத்தைஞ்சுக்குப் பதினேழு மார்க் எடுத்த படத்தை என்ரை பிள்ளையின்ரை தலையிலை கட்டிப்போட்டாங்கள், அக்கா.”

மூலையில் ஒரு பொட்டு

விளக்கியதும் அவர் முகம் மலரவில்லை, வெளிறியது. விரலை நீட்டினார். கையெழுத்துக்குக் கீழே அவரே வைத்த ஒரு மஞ்சள் பொட்டு. புதுச் சேலையோ கல்யாணக் கார்ட்டோ, மூலையில் மஞ்சள் வைக்காவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் கை அடங்காது.

மகள் வேலை விஷயமாக நாட்டின் வடகோடியில் இருக்கும் ஹம்மர்பெஸ்டுக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை நேரே கடைக்கு வருவாள், சனி புது வீட்டில் குடிபூரல். அதற்குள் பொட்டுப் போக வேண்டும். தண்ணீர் பட்டால் தாள் நெளியும், அழிறப்பர் பட்டால் கையெழுத்துப் போகும். “அவள் ஏசமாட்டாள், அக்கா. அதுதான் பயம். ஒரு கிழமைக்கு என்னோடை நோர்வே மொழியிலை மட்டும்தான் கதைப்பாள்.”

காயப்போட்டது

குழம்பு பட்ட வேட்டியை வெயிலில் போட்டால் மஞ்சள் பறந்துவிடும் என்பது எந்தத் தமிழ் வீட்டிலும் தெரியும். பென்சிலை வெயில் ஒன்றும் செய்யாது. கறுப்பு மட்டையில் நகத்தளவு ஓட்டை வெட்டினேன். படம் முழுவதையும் மூடி, பொட்டை மட்டும் திறந்துவிட்டு, ஜன்னலைத் திறந்து அதன் கீழே வைத்தேன்.

முதலாளி ஹெல்கே கோப்பிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். “வெயிலிலிருந்து படங்களைக் காப்பாற்றத்தான் நாற்பது வருடமாகக் கண்ணாடி விற்கிறேன், நீ படத்தை வெயிலில் காயப்போடுகிறாயா?”

முகில்

செவ்வாய் மழை. புதன் முகில். வானத்தைப் பார்த்துப் பார்த்தே சட்டங்களை அறுத்தேன். முப்பது வருடம் வாடகை வீட்டுச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காதவள் நான். ஊருக்குத் திரும்பிப் போகிற ஆட்களுக்குப் படம் எதற்கு என்பார் என் கணவர்; அவர் திரும்பாத இடத்துக்குப் போய்விட்டார். இப்போது வேறொருத்தியின் சுவருக்காக என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பொட்டு வெளிறத்தான் செய்தது, ஆனால் போகவில்லை. மணிக்கொரு தரம் ராஜினியின் தொலைபேசி. கடைசித் தரம் கத்தினார்: “அக்கா, லோறென்ஸ்கூக்கிலை நல்ல வெயில்! படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வாங்கோ!”

வெள்ளிக்கிழமை

ஓடத் தேவைப்படவில்லை. வியாழன் காலையிலிருந்து எங்கள் ஜன்னலிலும் வெயில் கொட்டியது. வெள்ளி மதியம் மட்டையைத் தூக்கினால், பொட்டு எங்கே இருந்ததென்று எனக்கே தெரியவில்லை. ஹெல்கே உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சட்டம் போட்டு முடிக்க ராஜினி வந்தார், பின்னாலேயே மகள் மதுரா பயணப்பெட்டியோடு வந்தாள். படத்தின் முன்னால் குனிந்து மூலை மூலையாகப் பார்த்தாள். அந்தப் பார்வை ராஜினிக்குத் தாங்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மதுரா வாயைத் திறந்தாள். தமிழ்தான் வந்தது: “உங்கடை மஞ்சள் வீட்டுப் பத்திரத்திலையும் கிடக்குது, அம்மா. வங்கிக்காரன் அது என்னெண்டு கேக்க, அம்மாவின்ரை கையெழுத்து எண்டு சொன்னனான். அதை ஏன் இதிலை அழிச்சனீங்கள்?”

ஆக, ஒரு கையெழுத்தைக் காப்பாற்ற ஐந்து நாள் பாடுபட்டு இன்னொரு கையெழுத்தை அழித்ததுதான், இத்தொழிலில் நான் செய்த ஆகச் சிறந்த வேலை.